காட்டுக்குப் போகிற பையில் என்ன இருக்க வேண்டும்?

1991 செப்டம்பரில், ஆஸ்திரியாவும் இத்தாலியும் சந்திக்கும் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் நடந்துபோன ஒரு தம்பதி, உருகும் பனிக்குள்ளிருந்து ஒரு உடல் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். மலையேறப் போய் வழிதவறிச் செத்த யாரோ என்றுதான் முதலில் நினைத்தார்கள். பரிசோதித்துப் பார்த்தால், அந்த மனிதர் இறந்து ஏறக்குறைய 5,300 வருடம் ஆகியிருந்தது. பிறகு அவருக்கு ஓட்ஸி என்று பெயர் வைத்தார்கள்.

எனக்கு ஓட்ஸியைவிட அவர் கூடக் கொண்டுபோன சாமான்கள்மேல்தான் ஆர்வம். ஒரு செம்புக் கோடரி. கல் அலகு பொருத்திய சின்னக் கத்தி, அந்த அலகு மழுங்கினால் கூராக்க ஒரு கருவி. பிர்ச் மரப்பட்டையில் செய்த இரண்டு டப்பா. அதில் ஒன்றில் மேப்பிள் இலையில் பொதிந்த கரித்துண்டுகள் இருந்தன, அதாவது நெருப்புக் கங்கு அணையாமல் எடுத்துப்போகிற ஏற்பாடு. பொறி பட்டால் கனலும் ஒரு வகைக் காளான். புல்லில் முடைந்த பாய் போன்ற ஒன்று. நார்க்கயிறு. அப்புறம் வில்லும் அம்பும்.

வேட்டைச் சாமானை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள்: வெட்ட ஒன்று, தீ மூட்ட ஒன்று, உடம்பை மூட ஒன்று, ஏந்தி வைக்க ஒரு பாத்திரம், கட்டக் கயிறு. இன்றைக்குக் காட்டில் பிழைக்கும் கலையைச் சொல்லித்தருகிறவர்கள் போடும் பட்டியலிலும் இந்த ஐந்துதான் முதலில் வரும். ஐயாயிரம் வருடத்தில் பொருள்தான் மாறியிருக்கிறது, தேவை மாறவில்லை. (சாமான் போதாமல் அவர் சாகவில்லை. பின்னாலிருந்து வந்து தோளில் பாய்ந்த ஒரு அம்புதான் கொன்றது. அதற்கு எந்தப் பையிலும் மருந்து கிடையாது.)

முதல்முறையாக ஒரு பை கட்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எதை எடுப்பது, எதை விடுவது என்று நீங்களே முடிவெடுக்கத் தெரிந்துவிட்டால் அடுத்தவர் பட்டியல் தேவைப்படாது.

முதலில் எது கொல்லும்?

காட்டுக்குப் போகிறவர்களிடம் எல்லாம் மூன்றில் வரும் ஒரு கணக்கு உண்டு. மூச்சு இல்லாமல் 3 நிமிடம், கடும் குளிரிலோ வெயிலிலோ மறைப்பு இல்லாமல் 3 மணி நேரம், தண்ணீர் இல்லாமல் 3 நாள், சாப்பாடு இல்லாமல் 3 வாரம். இதை அறிவியல் சூத்திரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொளுத்தும் வெயிலில் நடந்துகொண்டே இருப்பவருக்குத் தண்ணீர் இல்லாமல் ஒரு நாள் தாண்டுவதே பெரும்பாடு. வரிசையை மனதில் நிறுத்தத்தான் இந்தக் கணக்கு.

அந்த வரிசையில் சாப்பாடு கடைசியில் இருக்கிறது. ஆனால் புதிதாகப் பை கட்டுகிறவர் முதலில் யோசிப்பது அதைத்தான். தூண்டில், கண்ணி வைக்கக் கம்பி, கவண் என்று ஆரம்பித்துவிடுவார். வழிதவறியவர்களில் பெரும்பாலோர் ஓரிரு நாளில் கிடைத்துவிடுகிறார்கள். அந்த ஓரிரு நாளில் பசி யாரையும் கொல்லாது, குளிர் கொல்லும்.

குளிர் என்றால் பனி கொட்டும் இடம் மட்டுமல்ல. உடம்பின் உள்வெப்பம் வழக்கமாக 37 டிகிரி செல்சியஸ். அது 35க்குக் கீழே இறங்கினால் ஹைப்போதெர்மியா. வெளியே 10 டிகிரி இருந்து, மழையில் தொப்பலாக நனைந்து, காற்றும் அடித்தால் அதுவே போதும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். இதில் மோசமான சங்கதி, முதலில் தடுமாறுவது விரல்களும் புத்தியும்தான். சட்டைப் பொத்தானைப் போட முடியாது. 'கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்' என்று தோன்றும். உங்களைக் காப்பாற்ற வேண்டிய கருவியை நீங்கள் எடுக்கப்போவது அந்த நிலைமையில்தான்.

ஆகவே எந்தச் சாமானைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: கை நனைந்து, விரல் மரத்து, இருட்டில் இதைப் பயன்படுத்த முடியுமா? இரண்டாவது, காட்டில் கிடைப்பதை வைத்து இதை என்னால் செய்துகொள்ள முடியுமா? கூடாரத்துக்கு முளைக்குச்சியைச் செதுக்கிக்கொள்ளலாம், கத்தியைச் செதுக்க முடியாது. படுக்கச் சருகைக் குவிக்கலாம், கொதிக்க வைக்கும் பாத்திரத்தைக் குவிக்க முடியாது. எதைச் செய்துகொள்வது கஷ்டமோ அதற்குத்தான் பையில் இடம்.

நான் முதன்முதலில் கட்டிய பையில் நாற்பதுக்கும் மேல் சாமான் இருந்தது. அதில் பெருமைக்குரியது ஒரு கம்பி ரம்பம். சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கும், இரண்டு முனையிலும் வளையம், விரலை மாட்டி இழுத்தால் மரம் அறுபடும் என்று அட்டையில் படம் போட்டிருந்தது. கையளவு தடித்த ஒரு பட்டுப்போன கிளையில் வைத்து இழுத்தேன். கால்வாசி ஆழம் போவதற்குள் கம்பி சூடேறிப் பட்டென்று அறுந்தது. அன்றைக்கு நான் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தேன், சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

கத்தி

காட்டுக்கு மடக்குக் கத்தியைவிட மடக்காத கத்தி நல்லது. மடக்கும் இடத்தில் ஒரு மூட்டு இருக்கிறது. மண் புகுவதும் அந்த மூட்டில்தான், அழுத்தினால் விட்டுப்போவதும் அங்கேதான், சில சமயம் விரல்மேல் மடங்குவதும் அதனால்தான். மடக்காத கத்தியில் பார்க்க வேண்டியது, அலகின் இரும்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பது. கடைசிவரை ஓடியிருந்தால் பலம். பிடிக்குள் குடைந்து தீக்குச்சி, ஊசி, தூண்டில் முள் போட்டு, மூடியில் காம்பஸ் வைத்து விற்கிறார்களே, அந்தக் கத்தியில் அலகு பிடியின் வாயோடு நின்றுவிடும். முதல் விறகைப் பிளக்கும்போது அலகு ஒரு பக்கம், பிடி ஒரு பக்கம் ஆகிவிடும்.

நீளம் 10 செ.மீ. அலகு போதும், 12 வரைக்கும் போகலாம். அதற்குமேல் போனால் சின்ன வேலைக்குத் தடுமாறும். தடிமன் 2.5 முதல் 4 மி.மீ. ரம்பப் பல் வைத்த அலகு வேண்டாம். பல் மழுங்கினால் சாதாரணக் கல்லில் தீட்ட முடியாது, மரம் சீவும்போதும் அது மாட்டும். கத்தியின் முதுகு உருட்டாமல் சதுர விளிம்போடு இருந்தால் அது ஒரு கூடுதல் லாபம். ஏன் என்று தீ மூட்டும் இடத்தில் தெரியும்.

கார்பன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். கார்பன் ஸ்டீல் சீக்கிரம் கூராகும், ஆனால் ஈரத்தில் விட்டால் மறுநாளே துரு. ஸ்டெயின்லெஸ் கொஞ்சம் அலட்சியத்தைப் பொறுத்துக்கொள்ளும். புதிதாக ஆரம்பிக்கிறவர் கத்தியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை, என்மேலேயே அந்த நம்பிக்கை இல்லை. ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். ஸ்வீடனின் மோரா என்ற ஊர்க்காரர்கள் செய்யும் எளிய கத்திகளை உலகம் முழுக்கப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அவற்றில் பலவற்றில் அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை ஓடுவதில்லை, ஆனாலும் வேலை நடக்கிறது. விலை கூடினால்தான் கத்தி என்பதில்லை.

வாங்கியதும் ஒரு வேலை செய்து பாருங்கள். கட்டைவிரல் தடிமனுள்ள காய்ந்த குச்சியை ஒரு பலகையில் ஊன்றிப் பிடித்து, அலகைச் சாய்த்து மேலிருந்து கீழாக மெல்லச் சீவுங்கள். பென்சில் சீவினால் வரும் சுருள்போல வரவேண்டும், ஆனால் அறுந்து விழக்கூடாது. குச்சியின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். முதல் பத்துச் சீவலும் விழுந்துவிடும். அப்புறம் கை பழகும், ஒன்றின்மேல் ஒன்றாகச் சுருண்டு ஒரு பூப்போல நிற்கும். மழையில் எல்லா விறகும் நனைந்திருக்கும்போது, பிளந்த கட்டையின் உள்பாகம் மட்டும் காய்ந்திருக்கும். அதை எடுத்து இப்படிச் சீவினால்தான் தீ பிடிக்கும். இந்தச் சீவல் வராத கத்தி, தீட்டப்படாத கத்தி. கையோடு ஒரு சின்னத் தீட்டுகல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலகைக் கூராக்க ஓட்ஸியே ஒரு கருவி வைத்திருந்தார்.

கோடரி? பழகாத கையில் வேண்டாம். வெட்டு நழுவினால் அடுத்து நிற்பது உங்கள் முழங்கால். மடக்கு ரம்பம் ஒன்று போதும், எடையும் குறைவு, அறுப்பதும் வேகம். இதோடு, கத்தியை எங்கே எவ்வளவு நீளம் எடுத்துப்போகலாம் என்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒரு சட்டம் இருக்கும், காப்புக்காடுகளுக்குத் தனி விதி இருக்கும். புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீ

உரசித் தீ மூட்டும் வீடியோக்கள் பார்க்க நன்றாக இருக்கும். நிஜத்தில் முதலில் எடுக்க வேண்டியது லைட்டர். வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒன்றுக்கு இரண்டாகவே வையுங்கள். ஆனால் அதன் பலவீனத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். லைட்டருக்குள் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். அது திரவத்திலிருந்து வாயுவாக மாறுவது ஏறக்குறைய 0 டிகிரிக்கு மேல்தான். கடுங்குளிரில் பைக்குள் கிடந்த லைட்டர் பொறியை மட்டும் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். சட்டைக்குள், உடம்பை ஒட்டி வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. பட்டனை அழுத்தினால் டிக்கென்று பற்றும் வகையைவிட, சக்கரம் உருட்டும் வகை நல்லது. வாயு தீர்ந்தாலும் அதில் பொறியாவது வரும்.

இரண்டாவது கருவி ஃபெரோ ராடு. இது சிக்கிமுக்கிக் கல் இல்லை. சீரியம், இரும்பு முதலானவை கலந்த ஓர் உலோகக் கலவை. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1903இல் காப்புரிமை பெற்றது. லைட்டர் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் குட்டிக் 'கல்'லும் இதேதான். சுரண்டினால் ஏறக்குறைய 3,000 டிகிரி சூட்டில் பொறி பறக்கும். தண்ணீரில் போட்டு எடுத்துத் துடைத்தாலும் வேலை செய்யும், ஆயிரக்கணக்கான முறை சுரண்டலாம். சாவிக்கொத்தில் தொங்கும் ஈர்க்குச்சி மாதிரியானது வேண்டாம். 8 மி.மீ.க்குக் குறையாத தடிமனில், கைக்கு அடங்கப் பிடிக்க முடிகிற நீளத்தில் பாருங்கள்.

இதில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று. பொறி பிடிக்கக் குவித்த பஞ்சில் ராடை ஊன்றி, கத்தி முதுகை வேகமாகக் கீழே இழுப்பார்கள். கை போய்ப் பஞ்சில் இடித்து, பாடுபட்டுக் குவித்ததெல்லாம் சிதறும். தலைகீழாகச் செய்யுங்கள். கத்தியின் முதுகைப் பஞ்சுக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு, ராடைப் பின்னால் இழுங்கள். பொறி ஒரே இடத்தில் விழும். புது ராடின்மேல் கறுப்பாக ஒரு பூச்சு இருக்கும், அதைச் சுரண்டி எடுக்காமல் பொறி வராது. கத்தியின் முதுகு சதுர விளிம்பாக இருக்க வேண்டும் என்று சொன்னதும் இதற்குத்தான். வெட்டும் பக்கத்தால் சுரண்டினால் கூர் போய்விடும்.

பொறி விழ ஏதாவது வேண்டுமே. பஞ்சு உருண்டையில் வாசலின் தடவிப் பிசைந்து ஒரு சின்ன டப்பாவில் அடைத்துக்கொள்ளுங்கள். எடுத்து நடுவில் பிய்த்து, உள்ளே இருக்கும் உலர்ந்த நார் வெளியே தெரியும்படி பஞ்சைப் பிரித்துவிட்டால் ஒரே பொறியில் பற்றும். வெறும் பஞ்சு சில நொடியில் எரிந்து தீர்ந்துவிடும். வாசலின் கலந்தது சில நிமிடம் நின்று எரியும். அந்த நேரத்தில் சுள்ளி பிடித்துவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. காய்ந்த பருவத்தில் காட்டில் தீ மூட்டுவது பல இடங்களில் குற்றம். குற்றமோ இல்லையோ, அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் வைத்துப் பாருங்கள். சூடு இருந்தால் தீ இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

தண்ணீரும் அதைக் கொதிக்க வைக்கும் குப்பியும்

பாட்டிலைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. பூச்சு இல்லாத, ஒற்றைச் சுவர் கொண்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாட்டிலாக வாங்கினால், தண்ணீர் எடுத்துப்போகவும் அதையே நெருப்பில் வைத்துக் கொதிக்க வைக்கவும் முடியும். சூடு, குளிர் காக்கும் இரட்டைச் சுவர் பாட்டிலை நெருப்பில் வைக்கவே கூடாது. இரண்டு சுவருக்கும் நடுவில் அடைபட்டிருப்பது விரிந்து வெடிக்கக்கூடும். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு லிட்டர் அளவு, வாய் அகலம். அகல வாய் இருந்தால் பிடிக்கவும் கழுவவும் எளிது.

தளதளவென்று கொதி வந்தபின் 1 நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேலே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால் அங்கே 3 நிமிடம். பத்து நிமிடம், இருபது நிமிடம் என்பதெல்லாம் விறகுக்குக் கேடு.

நார்க்குழாய் வடிகட்டிகள் 0.1, 0.2 மைக்ரான் துளையோடு வருகின்றன. பாக்டீரியாவையும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளையும் நிறுத்தும். வைரஸ் அதைவிடச் சின்னது, நழுவிவிடும். மனித நடமாட்டமும் கழிவும் சேரும் தண்ணீராக இருந்தால் வடிகட்டியதோடு நிறுத்தாமல் மாத்திரையும் போடுங்கள், அல்லது கொதிக்க வையுங்கள். ஒருமுறை ஈரமான வடிகட்டி உறைந்துவிட்டால் உள்ளே நார் விரிந்து கிழிந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. குளிர் இரவில் அதையும் படுக்கைக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். குளோரின் மாத்திரைக்கு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதற்கும் மசியாது. எனக்குக் கேட்டால் குப்பியும் தீயும் முதலில், மாத்திரை ஒரு பட்டை துணைக்கு. மாத்திரைக்கு எடையே இல்லை.

பூச்சிமருந்தோ ஆலைக்கழிவோ கலந்த தண்ணீரை இதில் எதுவும் சரிசெய்யாது. கொதிக்க வைத்தால் இன்னும் செறிவாகும்.

மறைப்பு

முதல் மறைப்பு உடம்பில் இருக்கும் உடுப்பு. பருத்தி நனைந்தால் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு குளிரக் குளிர ஒட்டிக்கொள்ளும். வெயில் பாலையில் அது வரம், குளிர்மலையில் சாபம். கம்பளியும் செயற்கை இழையும் நனைந்த பிறகும் கொஞ்சமாவது சூட்டைக் காக்கும். மேலே ஒரு மழை ஜாக்கெட்.

அடுத்தது 3 மீட்டருக்கு 3 மீட்டர் தார்ப்பாய். ஓரத்தில் வளையங்கள் நிறைய இருக்க வேண்டும். கூடாரத்தைவிட எடை குறைவு, எப்படி வேண்டுமானாலும் கட்டலாம், மழைத் தண்ணீரும் பிடிக்கலாம்.

பளபளக்கும் அலுமினியப் போர்வையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1964இல் நாசா விண்வெளிப் பயணத்துக்காக உருவாக்கிய மெல்லிய ஏட்டிலிருந்து வந்தது அது. உடம்பிலிருந்து கதிராகப் போகும் சூட்டில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். எடை ஒரு முட்டை அளவு. ஆனால் தரையில் விரித்துப் படுத்தால் பயன் சொற்பம். மண் தொட்டுத் தொட்டுச் சூட்டை உறிஞ்சுவதை ஏடு தடுக்காது. கீழே ஒரு சாண் உயரத்துக்குச் சருகையோ இலையையோ குவித்து அமுக்கி, அதன்மேல் படுத்து, போர்வையை மேலே சுற்றிக்கொள்ள வேண்டும். காற்றில் ஒரு கீறல் விழுந்தால் முழுக்கக் கிழிந்துவிடும் என்பதால் தனிப்போர்வையைவிடப் பைபோலத் தைத்தது நல்லது.

என் பையில் இன்னொன்றும் இருக்கும்: இரண்டு பெரிய, தடிமனான குப்பைப் பை, பளிச்சென்ற நிறத்தில். மூலையில் முகம் தெரியும் அளவுக்கு ஓட்டை போட்டுத் தலைவழியாக மாட்டிக்கொண்டால் நிமிடத்தில் மழையும் காற்றும் நிற்கும். சருகு அடைத்தால் மெத்தை. கடையில் 'உயிர்காப்பு' என்று பெயர் ஒட்டி விற்கும் பாதிச் சாமான்களைவிட இது உருப்படியானது.

கட்டுவதற்குப் பாராகார்ட் என்னும் மெல்லிய, உறுதியான கயிறு 15 மீட்டர். 4 மி.மீ. தடிமன், ஏறக்குறைய 250 கிலோ இழுத்தால்தான் அறும். உறையை உருவினால் உள்ளே 7 புரி, அதைப் பிரித்தால் தைக்கவும் கட்டவும் மெல்லிய நூல் கிடைக்கும். ஆள் தொங்க இது ஆகாது. பாறையில் இறங்கும் கயிறு வேறு சாதி.

கூப்பிட்டால் கேட்க வேண்டுமே

பலர் கத்திக்குக் காட்டும் அக்கறையில் கால்வாசியும் விசிலுக்குக் காட்டுவதில்லை. கத்திக் கத்திக் கூப்பிட்டால் அரை மணி நேரத்தில் தொண்டை கட்டிவிடும். விசிலை மூச்சு இருக்கும்வரை ஊதலாம், சத்தமும் அதிக தூரம் போகும். உள்ளே உருண்டை இல்லாத விசிலாக வாங்குங்கள், உருண்டை ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், குளிரில் உறையும். மூன்று முறை ஊதி, நிறுத்தி, மறுபடி மூன்று என்பது பரவலாகப் புரியும் ஆபத்து அறிகுறி. ஆல்ப்ஸ் பக்கம் 1894 முதல் வேறு வழக்கம்: நிமிடத்துக்கு 6 முறை, ஒரு நிமிட இடைவெளி. பதில் நிமிடத்துக்கு 3 முறை. எந்த ஒழுங்கானாலும் சரி, இயற்கைச் சத்தம் போல இல்லாமல் இடைவெளியோடு திரும்பத் திரும்ப வர வேண்டும். பகலில் சின்னக் கண்ணாடி வெயிலை வெகுதூரம் வீசும்.

இரவுக்குத் தலையில் மாட்டும் விளக்கு. கை டார்ச் ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும், காட்டில் இரண்டு கையும் வேண்டும்.

மொபைலை நம்பாதீர்கள், ஆனால் விட்டுவிட்டும் போகாதீர்கள். டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், அது நேரே சாட்டிலைட்டிலிருந்து வருகிறது. மேப்பை மட்டும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பேசுவதற்குச் சிக்னல் போதாத இடத்திலும் ஒரு குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்துவிடுவது உண்டு. மற்ற நேரத்தில் ஏரோபிளேன் மோட். குளிர் பேட்டரியைத் தின்னும், ஆகவே லைட்டரோடு மொபைலும் சட்டைக்குள். காகித மேப்பும் காம்பஸும் கூட இருக்கட்டும். காம்பஸைப் பார்க்கும்போது மொபைலையும் கத்தியையும் தள்ளி வையுங்கள், முள் அவற்றின் பக்கம் சாயும்.

தொலைதூரப் பயணம் என்றால் பிஎல்பி என்னும் அவசர ஒலிபரப்பி இருக்கிறது. பட்டனை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸில் சமிக்ஞை கிளம்பி, 1970களின் இறுதியில் அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் யூனியன் சேர்ந்து தொடங்கிய காஸ்பாஸ்-சார்சாட் சாட்டிலைட் வலையமைப்பு வழியாக மீட்புக் குழுவுக்குப் போகும். மாதச் சந்தா கிடையாது, பதிவு செய்து வைக்க வேண்டும். சாட்டிலைட் கருவிகளுக்குச் சில நாடுகளில் முன்அனுமதி வேண்டும், கேட்காமல் எடுத்துப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

முதலுதவிக்கு, அன்றாடம் நீங்கள் சாப்பிடும் மாத்திரை முதலில். ரத்தம் நிறுத்த அழுத்துகட்டு, துணிச்சுருள், கொப்புளத்துக்கு ஒட்டுபட்டி, ஓஆர்எஸ் பொட்டலம். காலில் கொப்புளம் என்றால் சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்க முடியாமல் ஓரிடத்தில் உட்காரவைப்பது பெரும்பாலும் அதுதான். பாம்புக் கடிக்கு விஷம் உறிஞ்சும் கருவி என்று விற்பதை வாங்காதீர்கள். அது விஷத்தை எடுப்பதில்லை, காயத்தைத்தான் பெரிதாக்குகிறது. சாப்பாட்டுக்கு, சமைக்காமல் தின்னக்கூடிய ஏதாவது ஒரு நாளுக்கு. தெரியாத காயையும் காளானையும் தொடாதீர்கள்.

பை போய்விட்டால்?

எல்லாவற்றையும் பையில் அடுக்கியாயிற்று. ஆற்றைக் கடக்கும்போது பை அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது உங்களிடம் என்ன இருக்கிறது? லைட்டர், விசில், கத்தி, மடித்த குப்பைப் பை, இந்த நான்கும் பாக்கெட்டிலோ இடுப்பிலோ கழுத்திலோ இருக்க வேண்டும். பையை ஒரு நிமிடம் கீழே வைத்துவிட்டு ஒதுங்கப் போய், திரும்பி வர வழி தெரியாமல் போனவர்களும் உண்டு.

1971 டிசம்பர் 24 அன்று பெரு நாட்டு மழைக்காட்டின்மேல் ஒரு விமானம் மின்னல் தாக்கி உடைந்தது. இருக்கையோடு சேர்ந்து ஏறக்குறைய 3 கி.மீ. உயரத்திலிருந்து விழுந்து பிழைத்த 17 வயது யூலியானே கோப்கேயிடம் பையே இல்லை. மெல்லிய கவுன், ஒரு கால் செருப்பு, சிதறலில் கிடைத்த ஒரு பொட்டலம் மிட்டாய். மூக்குக்கண்ணாடியும் தொலைந்துபோயிருந்தது. பெற்றோர் இருவரும் விலங்கியலாளர்கள், காட்டுக்குள் ஆய்வு நிலையத்தில் வாழ்ந்த அனுபவம் அவளுக்கு இருந்தது. ஓடை கிடைத்தால் அது போகும் வழியே போ, மனிதர்கள் இருப்பார்கள் என்று அப்பா சொன்னதைப் பிடித்துக்கொண்டு நடந்து, 11வது நாள் ஆட்களைக் கண்டாள். அந்த ஒற்றைச் செருப்பை எதற்குப் பயன்படுத்தினாள் தெரியுமா? அடியெடுத்து வைக்குமுன் பாம்பு இருக்கிறதா என்று முன்னால் தட்டிப் பார்க்க.

ஆகவே பை கட்டி முடித்ததும் அதை மூலையில் வைத்துவிடாதீர்கள். ஒரு மழை நாளில் வெளியே போய், அந்தப் பையில் உள்ளதை மட்டும் வைத்து ஒரு குப்பி தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். தீ மூட்ட அனுமதி உள்ள இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல்முறை முக்கால் மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று, அதில் பாதி நேரம் பஞ்சு டப்பாவின் மூடியைத் திறக்க முடியாமல் போனது. மறுநாளே வேறு டப்பா மாற்றினேன். இன்னொரு நாள் ராத்திரி விளக்கில்லாமல் பைக்குள் கைவிட்டு விசிலைத் தேடிப் பாருங்கள். அடுக்கும் முறை தானாக மாறும்.

கடைசிச் சாமான் பையில் போகாது, வீட்டில் இருக்கும். ஒரு துண்டுக் காகிதம். 2003 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டாவில் ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் தனியாக இறங்கிய ஏரன் ரால்ஸ்டனின் வலதுகை, உருண்ட பாறைக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. எங்கே போகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஆகவே எங்கே தேடுவது என்று யாருக்கும் தெரியாது. 127 மணி நேரம் கழித்து, டார்ச்சோடு இலவசமாக வந்த மாதிரியான ஒரு மட்டமான மடக்குக் கருவியின் மழுங்கிய கத்தியால் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

காகிதத்தில் எழுத வேண்டியது நாலு வரிதான். எந்த இடம், எந்தப் பாதை. கூட யார். எப்போது திரும்புவேன். எத்தனை மணிவரை தகவல் இல்லாவிட்டால் தேட ஆள் கூப்பிட வேண்டும். பொறுப்பான ஒருவர் கையில் கொடுங்கள். அப்புறம், திரும்பி வந்ததும் முதல் வேலையாக அவருக்குப் போன் செய்யுங்கள். மறந்துவிட்டால், நீங்கள் வீட்டில் வெந்நீரில் குளித்துக்கொண்டிருக்கும்போது பத்துப் பேர் டார்ச் அடித்துக்கொண்டு காட்டில் உங்கள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருப்பார்கள்.